கண்ணியும் கணக்கும்

புதுவை நகரின் வடபால் அமைந்த முத்தியால்பேட்டை நெடுங்காலமாக நெசவாளர் வாழ்ந்த பகுதியாகும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அவுரிச் சாயம் தோய்ந்த நீலத் துணி புதுவையிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றது. அங்கே வேலம்பிசினுக்கு விலையாக அத்துணி நாணயம் போலவே கைமாறியது.

தறியில் நெய்யும் துணிக்கு ஓர் இயல்பு உண்டு. பாவு நீளவாக்கிலும் ஊடை குறுக்குவாக்கிலும் ஓடுதலின், தறியிலிருந்து இறங்கும் துணி நீள்சதுரமாகவே இருக்கும். வேட்டியும் சேலையும் அவ்வடிவிலேயே உடையாகிவிடுகின்றன. சட்டை வேண்டுமாயின் துணியைக் கத்தரித்துத் தைக்க வேண்டும். கம்பளி நூல்கொண்டு கையால் பின்னும் ஸ்வெட்டரோ இவ்விரண்டிற்கும் வேறானது. தோள், அக்குள், கழுத்து ஆகியவற்றின் வளைவுகள் பின்னும்போதே கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் உண்டாக்கப்படுகின்றன. அங்கே கத்தரிக்கோலின் வேலையைக் கணக்கு செய்கிறது.

மார்கழிப் பனிக்கு ஒரு துண்டே போதுமான கடற்கரை ஊரினர்க்கு ஸ்வெட்டர் எதற்கு என்று நீங்கள் வினவலாம். புதுவையை இந்தியாவுக்கு அளிக்கும் உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோர் பலர் பிரான்சில் குடியேறினர். ஆதலின் கம்பளியாடை புதுவைக் குடும்பங்களுக்கு அயலான பொருளன்று.

பின்னற் புத்தகத்தைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் வளைவு தொடங்கும் இடத்திலேயே திகைத்து நிற்பர். எடுத்துக்காட்டாக, முன்பகுதிக்கு இப்படி ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம்: ‘மொத்தம் 100 கண்ணிகள். நடுவில் பிரித்து ஒரு பாதியை மட்டும் பின்னுக. அக்குள் ஓரத்தில் 5 கண்ணிகளை முடித்துவிடுக. பின்னர் அதே ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒருமுறை 1 கண்ணியாக 6 முறை குறைக்க. அதே சமயத்தில் கழுத்தோரத்தில் நான்கு வரிசைக்கு ஒருமுறை 1 கண்ணியாக 14 முறை குறைக்க. மறுபாதியை வடிவம் மாற்றிப் பின்னுக.’

இதில் இடர் தருவது ‘அதே சமயத்தில்’ என்னும் தொடரே. வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்; வேலையோ இரண்டு ஓரங்களிலும் ஒருங்கே நிகழ வேண்டும். ஒரு தாளில் வரிசை எண்களை 1 முதல் 56 வரை எழுதுங்கள். 5 கண்ணிகளை முடித்த பின் வருவதே முதல் வரிசை. அக்குளுக்கு 2, 4, 6, 8, 10, 12 ஆகிய எண்களின் எதிரே ஒரு குறி இடுங்கள். கழுத்துக்கு 4, 8, 12 என்று தொடங்கி 56 வரை குறியிடுங்கள். 4, 8, 12 ஆகிய மூன்று வரிசைகளில் இரண்டு குறிகளும் சேர்ந்து விழுவதைக் காண்பீர்கள். அவ்வரிசைகளில் இரண்டு ஓரத்திலும் குறைக்க வேண்டும். பாதிக்குரிய 50 கண்ணிகளில் 5 போக 45. 12-ஆம் வரிசை முடிவில் 36. 56-ஆம் வரிசை முடிவில் 25. இந்த 25 கண்ணிகளே தோளாக அமையும்.

அக்குளை முடித்த பிறகே கழுத்தைத் தொடங்கினால் என்ன நேரும்? அப்பொழுதும் இறுதியில் 25 கண்ணிகளே எஞ்சும்! ஆனால் வரிசைகள் 56-க்கு மாறாக 68 ஆகியிருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 30 வரிசை அமையும் பின்னலில் இது 4 சென்டிமீட்டர் மிகை. கண்ணிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இப்பிழை புலப்படாது. முதுகுப் பகுதியோடு தோளைப் பொருத்தும் நாளில்தான் வெளிப்படும். விடை சரியாக வந்ததனாலேயே வழியும் சரியென்று கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

‘வடிவம் மாற்றி’ என்பதும் எளியதே. இடக்கையும் வலக்கையும் போல இரு பாதிகளும் எதிரெதிராக அமைய வேண்டும். எண்ணிக்கை மாறாது, ஓரங்கள் மட்டுமே இடம் மாறும்.

இத்தகைய குறிப்புகளை எழுதும் முறையும் மெல்ல மெல்லவே சீர்பட்டது. 1655-இல் இலண்டனில் அச்சான ஒரு வீட்டுக்குறிப்பு நூலில் காலுறை பின்னும் முறை முழுவதும் உரைநடையாகவே தரப்பட்டது. அதனைப் பின்பற்றுதல் எளிதன்று. எடின்பரோவில் வாழ்ந்த ஜேன் காகேன் அம்மையார் 1840-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எழுத்தைக் குறியீடாக வைத்தார். இயற்கணிதம் பயில்வோர்க்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

இக்கணக்கு மக்களின் பிழைப்போடும் பிணைந்திருந்தது. 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். தாய்நாட்டில் ஆதரவு கிட்டாமையால் பிரான்சின் ரூவான் நகருக்குச் சென்றார். அவர் வழிவந்த பொறிகளிலும் வடிவம் அமைக்கும் வேலை தொழிலாளியின் கைத்திறனையே நம்பியிருந்தது. பின்னர் முதலாளிகள் சிலர் அகலத் துணியாகப் பின்னி, கத்தரித்துத் தைத்து, மலிவான காலுறைகளை விற்கத் தலைப்பட்டனர். அவற்றின் தையல் விரைவில் பிரிந்தது. வடிவம் அறிந்த தொழிலாளியின் கூலியும் சரிந்தது. 1811-இல் நாட்டிங்காம் பகுதியில் அப்பொறிகள் இரவோடிரவாக உடைக்கப்பட்டன. லுடைட்டுகள் எனப்பட்ட அவர்களை அடக்க, பொறியை உடைப்பவர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1812-இல் இயற்றப்பட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார்; எனினும் சட்டம் நிறைவேறியது. 1864-இல் வில்லியம் காட்டன் என்பார் கண்ணிகளைத் தானே கூட்டிக் குறைக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். தொழிலாளியின் அறிவு அன்று இரும்புக்குள் புகுந்தது.

நம் திருப்பூரில் பனியன் துணி பொறியில் பின்னப்பட்டு, பின்பு கத்தரித்துத் தைக்கப்படுகிறது. கத்தரிப்பதால் மட்டும் ஒரு தொழில் இழிந்துவிடாது. அன்று நாட்டிங்காமில் எழுந்த வினா கத்தரிக்கோலைப் பற்றியதன்று. உழைப்பவரின் அறிவுக்கு உரிய விலை கிடைக்கிறதா என்பதே அவ்வினா. அது இன்றும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

மாணவர்களே, விளங்காத ஒரு வாக்கியம் எதிர்ப்படும்போது நம் அறிவைக் குறைத்து மதிப்பிட வேண்டா. அவ்வாக்கியம் இரண்டு மூன்று செயல்களை ஒன்றாக மடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. தாளும் எழுதுகோலும் கொண்டு மடிப்பைப் பிரித்து, வரிசை வரிசையாக விரித்துப் பாருங்கள். எண்ணிக்கையோடு அளவையும் சரிபாருங்கள். கம்பளியானாலும் கணிதமானாலும், பிறர் எழுதிய நெறியைத் தாமே படித்தறிந்து செய்ய வல்லவர் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை.