மருந்து, காப்பீடு, உரிமை: ராஜஸ்தான் ஏறிய மூன்று படிகள்

2023 மார்ச் மாதம் ஜெய்ப்பூர் வீதிகளில் தனியார் மருத்துவர்கள் திரண்டனர். காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சி அவர்களைக் கலைத்தது. மார்ச் 21 அன்று மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சுகாதார உரிமைச் சட்டமே அவர்களது சினத்துக்குக் காரணம். உயிர் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், அவசர சிகிச்சையை உரிமையாக்கும் சட்டத்தை ஏன் எதிர்த்தார்கள்? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பணமில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இலேயே பரிந்துரைத்தது. ஆனால் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே, அனைவருக்கும் மருத்துவம் என்னும் கனவின் வரலாறு பெருமளவு மாநிலங்களின் வரலாறே.

ராஜஸ்தானில் அதன் முதற்படி மருந்து. அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் காண்பது எளிது. அவர் எழுதிய சீட்டோடு வெளிக்கடைக்குச் செல்லும்போதுதான் ஏழையின் மடி காலியாகும். 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் இதை மாற்ற முனைந்தது. அதற்கு முன்மாதிரி, 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்துகளை மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவது, ஆய்வகத்தில் தரம் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளின் வழியே மருத்துவமனைகளுக்குச் சேர்ப்பது என்பதே அதன் முறை. மொத்தக் கொள்முதலால் விலை வீழ்ந்தது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: இங்கே எவரும் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, புறநோயாளிச் சீட்டே போதும். 2013இல் பரிசோதனைகளும் இலவசமாயின.

இரண்டாம் படி காப்பீடு. ஆந்திரத்தில் 2007இல் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ இதற்கு வழிகாட்டியது. ராஜஸ்தானின் சிரஞ்சீவி திட்டம் 2021இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயில் தொடங்கி, பின்னர் 10 லட்சம், 25 லட்சம் என உயர்ந்தது. எளியோருக்குக் கட்டணம் இருக்கவில்லை, மற்றவர்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேர முடிந்தது. இத்திட்டத்தால் தனியார் மருத்துவமனைக் கதவுகள் பலருக்குத் திறந்தன. ஆயினும் காப்பீடு அடிப்படையில் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மாத்திரை விழுங்குபவருக்கு 2011ஆம் ஆண்டின் திட்டமே துணை.

மூன்றாம் படிதான் வழுக்கியது. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது வாழ்வுரிமையை மீறுவதாகும் என 1996இல் உச்சநீதிமன்றம் அரசு மருத்துவமனைகளைக் குறித்துத் தீர்ப்பளித்திருந்தது. புதிய சட்டம் முன்பணம் கேளாமல் அவசர சிகிச்சை அளிக்கும் கடமையைத் தனியாருக்கும் விரித்தது. நோயாளி செலுத்த இயலாத தொகையை அரசு ஈடுசெய்யும் என்றும் அது கூறியது. எது அவசரம், யார் தருவார், எப்போது தருவார் என்று மருத்துவர்கள் கேட்டனர். ஏப்ரல் 4 அன்று உடன்பாடு ஏற்பட்டது: 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளும், அரசிடம் நிலமோ சலுகையோ பெறாதவையும் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்படும். அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது. அதுவரை சட்டத்துக்கான விதிகள் வகுக்கப்படவில்லை.

மருத்துவர்களின் கேள்வியைப் பேராசை என்று ஒதுக்கிவிட இயலாது. அவர்களுக்காக உரிமையைக் கைவிடவும் இயலாது. முதற்படி நிலைத்ததற்குக் காரணம், வாக்குறுதிக்குப் பின்னால் கிடங்கும் கொள்முதலும் நிதி ஒதுக்கீடும் நின்றதே. சட்டத்துக்குப் பின்னால் அத்தகைய ஏற்பாடு எதுவும் ஆயத்தமாக இல்லை. அடுத்து இத்தகைய சட்டம் இயற்றும் மாநிலம் எதுவாயினும், ஈட்டுத்தொகைக்கான நிதியையும் அதை வழங்கும் காலக்கெடுவையும் முதலில் எழுதட்டும். நள்ளிரவில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனை வாயிலுக்கு வருபவரிடம், விதிகள் இன்னும் வகுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது.