நஞ்சை உண்ணும் நெல்

யப்பான் தேசத்துத் தொயாமாப் பிரதேசத்தில், ஜின்சூ ஆற்றின் இரு கரைகளும் நெல் விளையும் பூமி. ஆற்றின் மேற்பகுதியிலே, மலைகளுக்கிடையில், காமியோக்காச் சுரங்கம் இருந்தது. துத்தநாகமும் ஈயமும் பிரித்தெடுத்தபின் கழித்துவிட்ட நீரோடு கட்மியம் என்னும் உலோகமும் ஆற்றில் இறங்கியது. அந்நீரையே உழவர் வயலுக்குப் பாய்ச்சினர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வூர்களிலே ஒரு கொடிய நோய் தலைகாட்டிற்று. பிள்ளைகள் பெற்று நடுவயதை எட்டிய பெண்களே பெரும்பாலும் அதற்கு இரையாயினர். சிறுநீரகம் பழுதுற்றது, எலும்புகள் மெலிந்து, இருமினாலும் முறிந்தன. ‘இத்தாய், இத்தாய்’ என்று அவர்கள் அலறினர். ‘நோகிறது, நோகிறது’ என்பது அம்மொழியில் அதன் பொருள். அந்த அலறலே நோயின் பெயருமாயிற்று. சுரங்கமே காரணம் என்று 1950களில் உள்ளூர் வைத்தியர் ஹகினோ கூறியபோது, நம்பியவர் சிலரே. 1968இல் அரசாங்கம் உண்மையை ஏற்றது. 1971இல் நீதிமன்றம் நோயாளர் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பினால் மண் தூய்மையாகிவிடுமா? மாசுற்ற மேல்மண்ணை ஆழப் புதைத்து, புதுமண் பரப்பும் வேலை 1979இல் தொடங்கி 2012இலேதான் முடிந்தது. சீரமைத்த நிலம் ஏறத்தாழ 860 ஹெக்டேயர்.

இத்தனை செலவும் காலமும் பிடிக்கும் வேலையை நெல்லைக்கொண்டே செய்விக்கலாகாதா என்று யப்பானிய விஞ்ஞானிகள் எண்ணினர். கட்மியத்தை உறிஞ்சுவதன்றோ நெல்லின் குற்றம்! வயலில் நீர் நிற்கையில் கட்மியம் கந்தகத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும். நீரை வடித்தால் பிணைப்பு அவிழ, வேர் அதனை உள்ளிழுக்கும். ஆகவே நஞ்சு குறைந்த அரிசி வேண்டும் உழவர், கதிர் ஈனும் பருவத்தில் நீர் வற்றாது காப்பர். விஞ்ஞானிகளோ அம்முறையைத் தலைகீழாக்கினர். கட்மியத்தை மிகுதியாக ஏற்கும் ‘சோகோகொக்கு’ என்னும் நெல்லினத்தை, மாசுற்ற வேறொரு வயலில், நீரை வடித்து இரண்டாண்டு வளர்த்தனர். மண்ணின் கட்மியம் 38 சதவீதம் குறைந்தது. பின்னர் அங்கு விளைந்த வழக்கமான நெல்மணியில் அது 47 சதவீதம் குறைந்திருந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று.

இரண்டாண்டுக்கு இது பெரிதே. ஆயினும் மண்ணில் எஞ்சியது பாதிக்கும் மேல். மண்வெட்டியின் வேகம் வேருக்கு இல்லை. விளைந்த கதிரைச் சூடு மிதிக்கவும் ஆகாது. வைக்கோலை மாட்டுக்கு இடவும் ஆகாது. தாளோடு உலர்த்தி, புகையை வடிகட்டும் உலையில் எரித்து, சாம்பலையும் காவலோடு அகற்ற வேண்டும். அவ்விரண்டாண்டும் அந்த வயலிலிருந்து உழவன் வீட்டுக்கு ஒரு பிடி நெல்லும் வராது.