துறைமுகமும் உயர்கல்வியும்: திருகோணமலையிற் கலைக்கல்விக்கான இடைவழிகள் பற்றிய ஒரு நோக்கு

தமிழின் முதல் வரலாற்று நாவலெனக் கொள்ளப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். அவரும் தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையிலேயே தமது புலமை வாழ்வை அமைத்துக்கொண்டனர். இதனை இரு தனிமனிதர் பற்றிய செய்தியாக மாத்திரம் கொள்ளலாகாது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட நகரில், உயர்கல்வியை நாடியவர் கடல் கடக்கவேண்டியிருந்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலியவற்றைக் கற்க விழையும் சாதாரண குடும்பத்து மாணவருக்கு, இடைநிலைக் கல்லூரியொன்றிற் பயின்று பல்கலைக்கழகத்தை அடையும் வழி பின்னராயினும் அமைந்ததா? இவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

குடியேற்ற ஆட்சிக்குத் திருகோணமலை ஒரு கடற்படைத் தளமாகவே முக்கியமானது. துறைமுகமும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் கூலியாளரையும் எழுதுவினைஞரையும் வேண்டினவேயன்றி அறிஞரை வேண்டவில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியமை அரசியல் வெற்றியெனினும், அத்தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வேலையிழப்புமாயிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடங்களுட் புகுந்த தாய்மொழிப் போதனையும் இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கனவை முதன்முறையாக அளித்தன. விஞ்ஞான ஆய்வுகூடங்கள் அரிதாயிருந்த கிராமப்புறப் பாடசாலைகளைப் பொறுத்தவரையில், அக்கனவு கலைத்துறையையே சார்ந்திருந்தது.

கனவு விரிந்த அளவுக்குப் பொருளாதாரம் விரியவில்லை. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் ஆராய்ந்த சர்வதேசத் தொழில் ஸ்தாபனக் குழு, தொழில் வாய்ப்புக்கும் கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. இது இரு பக்கங்களைக் கொண்ட பிரச்சினை. ஆயினும் பொதுவிவாதத்தில் ஒரு பக்கமே ஓங்கியது: கலைப் பட்டதாரியே குற்றவாளியாக்கப்பட்டார். தொழிலைப் படைக்க இயலாத உற்பத்தி அமைப்பு விசாரணைக்கு உட்படவில்லை. இம்மனப்பாங்கு அதற்கு முன்னரே கருக்கொண்டிருந்தது. 1969இல் தெஹிவளை முதலிய இடங்களிற் தோற்றுவிக்கப்பட்ட கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொழில்சார் குறுங்கற்கைகளையே இலக்காகக் கொண்டிருந்தன. சில ஆண்டுகளுள் அம்முயற்சி கைவிடப்பட்டது.

1987–89 காலக் கிளர்ச்சியின் பின்னர் அமைக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் தொடர்ச்சியாக மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் தோன்றின. 1993இல் திருகோணமலையிலும் ஒன்று நிறுவப்பட்டது. யுத்தம் வீதிகளை மறித்திருந்த காலத்தில், வீட்டுக்கு அண்மையில் உயர்கல்வி கிடைத்தமை சிறிய பேறன்று. ஆனால் அங்கு முதன்மை பெற்றவை கணக்கியல்–நிதி, ஆங்கிலம் ஆகிய டிப்ளோமாக்களே. தமிழிலக்கியமோ வரலாறோ அன்று. துறைமுகம் ஒருகாலத்தில் வேண்டிய எழுதுவினைஞரையே புதிய கல்லூரியும் புதிய பெயரில் உருவாக்க முனைந்தது எனலாம்.

2001இல் இக்கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாயிற்று. பிற மாகாணங்களின் கல்லூரிகளிலிருந்து சப்ரகமுவ, ரஜரட்ட, வயம்ப பல்கலைக்கழகங்கள் உருவாயின. இங்குதான் எமது மையக் கருத்து எழுகின்றது. கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரின் உரிமை உயரவில்லை. நிறுவனம் மறுகரை சேர்ந்தபோது, கரைகளுக்கிடையே இருந்த வழி அற்றுப்போயிற்று. உள்வாரி அனுமதியின் திறவுகோல் க.பொ.த. உயர்தரப் பெறுபேறாகவே நிலைத்தது. பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு பரீட்சை வாழ்நாள் தீர்ப்பாயிற்று.

1960இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டில் நுழைவதை அமைப்புமுறையின் அங்கமாக்கியது. அதே ஆண்டில் சமூகவியலாளர் பேர்ட்டன் கிளார்க், இத்தகைய கல்லூரிகள் எளிய மாணவரின் உயர்விருப்பத்தை மெல்லத் தணித்துக் குறைந்த இலக்கை ஏற்கச் செய்கின்றன என எடுத்துக்காட்டினார். ஆகவே, இடைவழி இருப்பது மட்டும் போதாது. அதில் நடப்பவரை இடையில் இறக்கிவிடாத ஏற்பாடும் வேண்டும்.

எமது நாட்டில் முதலாவது நிபந்தனையே இன்னும் முழுமையுறவில்லை. 2012இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் டிப்ளோமாவையும் பட்டத்தையும் ஒரே ஏணியின் படிகளாக வரைந்தது. எனினும் 2015 ஒக்ரோபரில், கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர் தமது தகைமைக்குப் பட்டத்துக்கு நிகரான மதிப்புக் கோரிக் கொழும்பில் ஊர்வலஞ் சென்றபோது பொலிஸாரின் தடியடிக்கு ஆளாயினர். கலைத்துறையை நாடுவோருக்கு எஞ்சியவை வெளிவாரிப் பட்டமும், 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமுமே. உயர்தரத் தகைமையற்றோரையும் அடிப்படைக் கற்கை வழியே ஏற்றுக்கொள்ளும் பின்னையதே உண்மையான இடைவழிக்கு அண்மையில் நிற்கின்றது. ஆனால் நூலகமும் ஆசிரியரின் அண்மையும் விவாதச் சூழலும் இன்றி, வேலை நேரத்துக்குப் பின் தனித்துக் கற்கும் சுமையை மாணவரே தாங்குகின்றார்.

2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மக்கள் படகுப் பாதையிலேயே கடந்தனர். அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை முடிவுறாதிருந்த வேளை, 2021 நவம்பர் 23 காலை, பாடசாலைக்குச் சென்ற சிறுவர்களையும் ஏற்றிய படகுப் பாதை கவிழ்ந்து பல உயிர்கள் அழிந்தன. இப்பிரதேசத்திற் கடப்பதற்கான வழி என்பது வெறும் உருவகமன்று.

ஆதலால் நாம் வேண்டுவன தெளிவானவை. டிப்ளோமாவிற் பெற்ற தகுதியைக் கலைப்பீடங்கள் தம் அனுமதி விதிகளிலேயே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கலை கலாசார பீடத்துக்கும் திருகோணமலை, மூதூர், கிண்ணியா மாணவருக்கும் இடையே முறையான இணைப்புக் கற்கை தாய்மொழியில் அமைதல் வேண்டும். உழைப்போரின் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதும் பயிற்சி போதும், வரலாறு எழுதும் பயிற்சி வேண்டியதில்லை என்ற எழுதா விதி நீங்கும்வரை, இத்துறைமுகத்தின் வரலாற்றைப் பிறரே எழுதிக்கொண்டிருப்பர்.