தண்ணி பாட்டிலோட நின்ன நானும், துப்பட்டாவை மடிச்ச அந்தப் பொண்ணும்

போன மாசம் வேளச்சேரி பக்கம் ஒரு பைக் விபத்து. அடிபட்டவருக்குத் தொடையில ஆழமான வெட்டு, ரத்தம் நிக்கவே இல்லை. நான் 108-க்கு போன் பண்ணிட்டேன். அடுத்து என்ன செய்யணும்னு தெரியலை. கையில தண்ணி பாட்டிலோட சும்மா நின்னேன்.

அப்போ கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒரு பொண்ணு வந்தாங்க. துப்பட்டாவை மடிச்சு காயத்து மேல வச்சு, ரெண்டு கையாலயும் அழுத்தினாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையை எடுக்கலை. "நீங்க நர்ஸாங்க?"ன்னு கேட்டேன். "இல்லைங்க, ஐடி கம்பெனி. காலேஜ்ல முதலுதவி கிளாஸ் போயிருக்கேன்"னு சொன்னாங்க.

அந்த கிளாஸ் எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். அதுதான் இன்னிக்குக் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. ரயில், சுரங்கம், தொழிற்சாலை எல்லாம் பெருகிவிட்ட காலம். அதோடு விபத்துகளும் பெருகின. இயந்திரத்தில் கை சிக்கினால், டாக்டர் வரும்வரை சுற்றி நிற்பவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். காயத்தைக் கட்டுவது, அடிபட்டவரைத் தூக்கிப் போவது எல்லாம் ராணுவத்தில் கற்றுத்தரும் வித்தை. தெருவில் இருப்பவர்களுக்கு யார் சொல்லித் தருவது?

1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. அடுத்த வருஷம், லண்டனை ஒட்டிய வூல்விச்சில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் பொதுமக்களுக்கான வகுப்பு ஆரம்பமானது. அதன் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர்: ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட், கர்னல் பிரான்சிஸ் டங்கன். அந்தக் காலத்து முதலுதவியின் முக்கியமான கருவி ஒரு முக்கோணத் துணி. எஸ்மார்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் பரப்பியது. எப்படிக் கட்டணும்னு படங்களை அந்தத் துணியிலேயே அச்சடிச்சிருந்தாங்க. யூசர் மேனுவல் துணியிலேயே!

வகுப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் ஷெப்பர்டை தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். சூலு நாட்டின் மேல் பிரிட்டன் படையெடுத்த போர் அது. தன் மண்ணைக் காக்க நின்றது சூலு படை. 1879 ஜனவரி 22, இசாண்டில்வானா. பிரிட்டிஷ் முகாம் நொறுங்கியது. அந்தப் பக்கம் மட்டும் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பிக்கும் வழியில், விழுந்து கிடந்த ஒரு வீரரைப் பார்க்க ஷெப்பர்ட் குதிரையை விட்டு இறங்கினார். அங்கேயே ஈட்டி பாய்ந்து இறந்தார். வயது 37.

ஆசிரியர் போய்விட்டார், வகுப்பு நிற்கவில்லை. அவர் எழுதிய கையேடு அச்சாகிப் பரவியது. சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள், போலீஸ்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றவர்கள் சேர்ந்து 1887-ல் சீருடை போட்ட தொண்டர் படையானார்கள். சம்பளம் கிடையாது. அதே வருஷம் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்குக் கூடிய கூட்டத்தில், மயங்கி விழுந்தவர்களைக் கவனிச்சது இவங்கதான். அந்த அமைப்பு இந்தியாவிலும் இன்றைக்கு வகுப்பு நடத்துகிறது.

பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷத்தில் உயிர் போகும். எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸும் சில நிமிஷம் எடுக்கும். அந்த இடைவெளியில் இருப்பது பக்கத்தில் நிற்கிற ஆள் மட்டும்தான். அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்கணும்ங்கிறதுதான் வூல்விச் வகுப்பு சொன்ன விஷயம்.

"போலீஸ், கேஸுன்னு அலையணுமே"ன்னு பயமா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்களைப் பாதுகாக்கிறது. பேரைச் சொல்லணும்னு உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

நான் கிளாஸுக்குப் பேர் கொடுத்துட்டேன். அடுத்த தடவை தண்ணி பாட்டிலோட நிக்க மாட்டேன். நீங்க?