சீகன்பால்குவின் பயண ஆயத்தம்

தமிழ்மொழியில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டவர் என்ற அளவில் பார்த்தலோமேயு சீகன்பால்குவைத் தமிழர் நன்கு அறிவர். தரங்கம்பாடியில் அவர் ஆற்றிய பணிகளைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. ஆயின், அக்கரையில் கால்வைக்கு முன் அவர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டார், எதனை எண்ணிப் புறப்பட்டார், வந்தபின் அவ்வெண்ணம் என்னவாயிற்று என்பன அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. பிறந்த மண்ணை நீங்கி வேற்றுமொழி வழங்கும் நகரில் வாழ்க்கை நடத்தும் நம்மனோர்க்கு இவ்வரலாறு தனிச்சுவை பயப்பதாகும்.

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. 1703இல் ஹாலே நகருக்குக் கல்வி பயிலச் சென்றார். அந்நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் 1695இல், காணிக்கைப் பெட்டியில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் காசுகளைக் கொண்டு ஏழைச் சிறுவர்க்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். சில ஆண்டுகளுக்குள் அது ஆதரவற்றோர் இல்லமும் மருந்தகமும் அச்சகமும் கொண்ட பெருநிலையமாக வளர்ந்தது. அங்குப் பயின்றோர் எபிரேயமும் கிரேக்கமும் கற்றனர். சிறுவர்க்குப் பாடம் சொல்லவும், நாள்தோறும் நிகழ்ந்தவற்றை எழுதிவைக்கவும் பழகினர். வயிற்றுநோய் மிகுந்தமையால் சீகன்பால்கு அக்கல்வியையும் நிறைவு செய்ய இயலவில்லை. மனமும் ஒருநிலைப்படவில்லை. எவ்வழி செல்வது என்று துணிய மாட்டாமல், சிலகாலம் வீட்டாசிரியராகவும் சிலகாலம் பெர்லினை அடுத்த ஊரில் துணைக் குருவாகவும் நாளைக் கழித்தார்.

இந்நிலையில் 1705இல் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த பகுதிகளுக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். அரண்மனைப் போதகர் லூட்கன்ஸ் தம் நாட்டில் தக்கார் கிடையாமையால் பெர்லின் நண்பர்களுக்கு எழுதினார். அழைப்பு சீகன்பால்குவையும் ஹென்றி புளுட்சௌ என்பாரையும் தேடி வந்தது. தம் உடல் நலிவையும் அனுபவக் குறைவையும் எண்ணிச் சீகன்பால்கு தயங்கினார். ஐயம் முற்றும் தீர்ந்தபின் இசைந்தார் என்று கூறுவதற்கில்லை. ஐயத்தோடுதான் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23.

எந்நாட்டிற்குச் செல்வது என்பதாவது உறுதியாக இருந்ததா எனின், அதுவும் இல்லை. முதலில் மேற்கிந்தியத் தீவுகள் எனப் பேசப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கினி என்றனர். கோபன்ஹேகன் சேர்ந்த பின்னரே தரங்கம்பாடி என முடிவாயிற்று. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி 1620 முதல் டேனியர் கோட்டை அமைத்து வாணிகம் செய்துவந்த ஊர் அது. அங்கு வழங்கும் மொழியின் ஓர் எழுத்துக்கூட அறியாமல் இருவரும் 1705 நவம்பர் 29இல் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் ஏறினர். மாற்றல் ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகை படிக்கத் தெரியாத நிலையத்தில் இரயிலைவிட்டு இறங்கிய அனுபவம் இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர்க்கும் உண்டு. அவர்கட்கேனும் நிலையத்திற்கு எதிர்கொள்ள ஒரு நண்பர் வந்திருப்பார். 1706 ஜூலை 9இல் கரையிறங்கிய இவ்விருவரையும் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் நெடுநேரம் காக்க வைத்துக் கடுமொழி கூறித் தெருவில் விட்டுச் சென்றார் என்பது வரலாறு. கோட்டை அலுவலர் ஒருவர் இரங்கித் தம் உறவினர் இல்லத்தில் அன்றிரவு தங்க இடம் தேடித் தந்தார்.

அப்படியாயின் ஹாலேயில் பெற்ற பயிற்சி வீணா? அன்று என்றே கூறுவேன். ஆயினும் அனுப்பியவர்கள் எதிர்பார்த்த வகையில் அது பயன்படவில்லை. சிறுவரோடு பழகக் கற்றிருந்த அவ்விளைஞர், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்தார். அச்சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகர வரிசை எழுதினார். இலத்தீனும் எபிரேயமும் கற்ற ஐரோப்பியர் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து 'அ, ஆ' எழுதும் காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்துத் தெரிந்ததேயன்றிப் பொருள் தெரியவில்லை. போர்ச்சுக்கீசியமும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அக்குறையைப் போக்கினார். எட்டுத் திங்களில் சீகன்பால்கு தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் வல்லவரானார். இவருக்குத் துணைநின்றமைக்காக அழகப்பன் பிற்காலத்தில் அடைந்த இன்னல்கள் தனியே எழுதத்தக்கவை. சீகன்பால்குவைப் போற்றும் விழாக்களில் அப்பெயரும் நினைக்கப்படுதல் முறை.

சீகன்பால்கு தம் நாளைப் பகுத்துக்கொண்ட முறையைத் தாமே எழுதிவைத்துள்ளார். காலை ஏழு முதல் எட்டு வரை முன் படித்த சொற்களையும் தொடர்களையும் உருப்போடுவார். எட்டு முதல் பன்னிரண்டு வரை புதிய தமிழ்நூல்களைப் படிப்பார். பக்கத்தில் முதிய புலவர் ஒருவர் பொருள் கூற, எழுத்தர் ஒருவர் புதுச்சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் நூற்பயிற்சி. இரவில் கண்ணுக்கு ஓய்வு தரும் பொருட்டுப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஹாலேயிலும் கோபன்ஹேகனிலும் அவர் செய்துகொள்ளாத ஆயத்தம் இதுவே. அதனைப் புறப்படும் முன் அன்று, வந்து சேர்ந்த பின்னரே செய்தார்.

இப்பயிற்சி அவருடைய எண்ணத்தையும் மாற்றிற்று. நாகரிகமும் கல்வியும் இல்லாத மக்கள் என்று ஐரோப்பாவில் கருதியிருந்ததைப் போலவே தாமும் கருதியதாகவும், மொழி தெரிந்து நூல்களைப் படித்தபின் அக்கருத்து மாறியதாகவும் அவரே எழுதினார். 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் 119க்குக் குறிப்புரையுடன் பட்டியல் வகுத்தார். அதில் திருக்குறளும் உண்டு. சிவவாக்கியர் பாடலும் உண்டு. அவ்வாண்டே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டின் இறுதியில் ஹாசியஸ் அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். நான்கு திங்கள் கழிந்தே விடுதலை கிடைத்தது. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711இல் முற்றுப்பெற்று, ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்தபின் 1715இல் நூலாக முழுமையடைந்தது.

1713இல் அவர் 'தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி' என்னும் பெருநூலை எழுதி முடித்தார். தமிழரிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளைக் கொண்டும் சுவடிகளைக் கொண்டும் தொகுத்த நூல் அது. அதனை அச்சிடுமாறு ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே மறுத்துவிட்டார். புறச்சமயத்தை வேரறுக்கவே பணியாளர் அனுப்பப்பட்டனர், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் கருத்து. அனுப்பியவருக்கும் அனுப்பப்பட்டவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு நேர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிராங்கே நல்லவர், ஏழைச் சிறுவர்க்கு வாழ்வளித்தவர். எனினும் இந்தச் செய்தியில் நியாயம் சீகன்பால்குவின் பக்கமே இருந்தது என்பது என் துணிபு. அவரும் தம் சமயத்தைக் கைவிட்டவர் அல்லர். மாற்றுச் சமயத்தை மறுத்துப் பேசவே வந்தவர். மறுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நிலை.

1714இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். கடற்பயணத்திலும் தமிழ்ப் பயிற்சி நிற்கலாகாது என்பதே நோக்கம். அப்பயணத்தின் பயனாக 1716இல் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. பின்வருவோர் தம்மைப் போல் வெறுங்கையோடு கப்பலேறல் ஆகாது என்று கருதினார் போலும்.

திரும்பி வந்தபின் வேறொரு தொல்லை மூண்டது. கோபன்ஹேகனில் 1714இல் அமைக்கப்பட்ட மிஷன் கழகத்தின் செயலாளர் கிறிஸ்தியன் வெண்ட், பணியாளர்கள் திருத்தூதரைப் போல் கையில் பொருளின்றித் திரிந்து போதிக்க வேண்டும், கட்டடமும் பள்ளியும் அச்சகமும் வேண்டாதவை என்ற கொள்கையினர். தரங்கம்பாடியைக் கண்ணாலும் காணாதவர். அவருடைய கடுமையான கண்டன மடல் சீகன்பால்குவின் இறுதிக் காலத்தில் வந்து சேர்ந்து அவரை மிகவும் வாட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழும்பிவிட்டது. 1719 பிப்ரவரி 23இல், 36ஆம் வயதில், அவர் காலமானார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆயத்தம் என்ற ஒன்றில் மட்டும் அவர் வழி வென்றது. பெஞ்சமின் சூல்ட்சே என்பார் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றி 1743இல் ஹாலேக்குத் திரும்பினார். அங்குத் தமிழ் கற்பித்தார். அவரிடம் தமிழ் பயின்ற மாணவருள் ஒருவர் கிறிஸ்தியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். சீகன்பால்குவைப் போலவே 23 வயதில் 1750இல் கப்பலேறிய சுவார்ட்ஸ், அவ்வாண்டு ஜூலையில் வந்திறங்கி நவம்பரிலேயே தமிழில் சொற்பொழிவாற்றினார். பின்னாளில் அவர் ஐதர் அலியிடம் தூது சென்றதும், தஞ்சை மன்னர் சரபோஜிக்குக் காப்பாளராக விளங்கியதும் யாவரும் அறிந்தவை.

பிராங்கே ஏற்க மறுத்த வம்சாவளி நூல் ஹாலேயிலேயே கிடந்தது. எழுதி முடித்து 154 ஆண்டுகள் கழிந்தபின், 1867இல் அதனை ஜெர்மானியர் வேறொருவர் பதிப்பித்தார். அது அச்சேறிய ஊர் சென்னை.