உஸ்மான் சாலையின் கதை

வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் சொல்லப் புகுவது ஒரு சாலையின் வரலாறு. சென்னைத் தியாகராய நகரில் வடக்குத் தெற்காகக் கிடக்கும் உஸ்மான் சாலையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அங்கே யாரும் தாமாக நடப்பதில்லை. கூட்டம் அவர்களை நடத்திச் செல்கிறது. அந்தச் சாலையும் அதைச் சூழ்ந்த ஊரும் மக்கள் குடியிருப்பதற்கென்று வகுக்கப்பட்டவை என்றால் நம்புவது அரிது. அதற்கும் முன்னே அங்கே இருந்தது ஏரி.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீண்டு கிடந்த ஏரி அது. 'லாங் டாங்க்' என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். அதன் கிழக்கே மவுண்ட் ரோடு. மேற்கே மாம்பலம் என்னும் சிற்றூர். ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றும், மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றும் இன்றும் வழங்குகிறார்கள். ஏரி தெரியாத ஏரிக்காட்சிச் சாலை! ஆனால் நீர் தன் பழைய இடத்தை எளிதில் மறப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றதை நீங்கள் அறிவீர்கள்.

ஏரியை ஊராக்கும் எண்ணம் திடீரென்று பிறந்ததன்று. 1914-இல் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், அப்போதைய ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். நகர அமைப்பைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் கொண்ட பெரும் கண்காட்சி ஒன்றை அவர் கப்பலில் அனுப்பியிருந்தார். சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன்தான் அந்தக் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915-இல் இங்கே கண்காட்சி நடந்தது. நோயாளியை நன்கு பார்த்த பிறகே கத்தியை எடுக்கவேண்டும் என்பது போல, ஊரை நடந்து பார்த்த பிறகே அதில் கைவைக்கவேண்டும் என்பது கெடிஸின் கொள்கை. அவருக்குப் பின் லாஞ்செஸ்டர் என்பவர் சென்னை அரசுக்கு நகர அமைப்பு ஆலோசகராக இருந்தார். 1920-இல் சென்னை நகர அமைப்புச் சட்டம் பிறந்தது.

பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நாளில், 1923-க்கும் 1925-க்கும் இடையே, ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நடுவே ஒரு பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், அளந்து பிரித்த மனைகள், வீட்டைச் சுற்றித் தோட்டம். இதுவே அன்றைய திட்டம். தெருப் பெயர்களைப் படித்தால் நீதிக்கட்சியின் வரலாற்றையே படிக்கலாம்: தியாகராயர், நடேசனார், டாக்டர் நாயர், கோபதி நாராயணசாமி செட்டியார். நம் சாலைக்குப் பெயர் தந்த முகம்மது உஸ்மான் 1934-இல் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர்.

கடை ஓரிடம், வீடு ஓரிடம் என்று பிரிப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்தது என்று எண்ணவேண்டாம். சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் இரு பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி. வணிகத்துக்கு உரிய இடத்தை அறிந்து கொடுத்த ஊர் அது.

தியாகராய நகரில் அப்படி நிகழவில்லை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்குவோர் கிழக்கே நடந்தால் உஸ்மான் சாலை. அச்சாலையின் தெற்கே பேருந்து நிலையம். ஆயிரக்கணக்கான கால்கள் நாள்தோறும் ஒரே வழியில் நடந்தால் அவ்வழியில் கடை முளைக்காமல் இருக்குமா? 1980-களில் நான் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, மாலையில் அங்கே என் தாய்மாமன் வீட்டுக்குச் செல்வேன். வாசலில் மாமரம்; திண்ணையில் மாமாவின் சாய்வு நாற்காலி. வாடகை வீடு. ஒரு நாள் வீட்டுக்குரியவர் வந்து, துணிக்கடைக்காரர் ஒருவர் பத்து மடங்கு தருவதாகச் சொல்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கூறினார். மாமா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த தைக்குள் மரமும் இல்லை, திண்ணையும் இல்லை. சாலையில் ஒரு வீடு கடையானால், பக்கத்து வீட்டாருக்கு உறக்கம் போகிறது; அவரும் விற்கிறார். இவ்வாறே தெரு மாறுகிறது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1971-இல் புதிய நகர், ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1975-இல் சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மனையின் அளவுக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு வரையறுத்தது. கணக்கு எளிது: ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, குறியீடு 1.5 என்றால் எல்லா மாடிகளும் சேர்ந்து 3600 சதுர அடி. 2019-இல் வந்த விதிகள் இதை 2 ஆக உயர்த்தின, அப்போது 4800. கணக்கில் வராத மாடிகள் எழுந்தபோதுதான் சிக்கல். 1998-இல் செய்த சட்டத் திருத்தம், விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தது. என் கருத்தில் அது மாணவன் தேர்வு எழுதிய பிறகு வினாத்தாளைத் திருத்துவதை ஒத்தது. 2011 அக்டோபர் இறுதியில் இப்பகுதிக் கடைகள் பலவற்றுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். சில திங்களில் நீதிமன்ற ஆணையால் அவை திறக்கப்பட்டன.

பின்வாங்கிக் கட்டவேண்டிய இடம் எதற்காக? தீயணைப்பு வண்டி உள்ளே வர. மாடி எண்ணிக்கைக்கு வரம்பு எதற்காக? உள்ளிருப்போர் வெளியேற. 2008-இல் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31-ஆம் நாள் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றியது. விடியற்காலையாதலால் கடையில் கூட்டம் இல்லை. நெருப்பு ஒரு பகலுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. எஞ்சியதைப் பின்னர் இடித்துத் தள்ளினர்.

அந்நாளில் என் பழைய மாணவன் ஒருவன் அதே சாலையில் வேறொரு கடையில் வேலை பார்த்து வந்தான். பத்தாம் வகுப்போடு நின்று ஊரிலிருந்து வந்தவன். இரவில் கடையின் மேல்மாடியில் படுப்பவன். தொலைக்காட்சியில் புகையைக் கண்டதும் அவனை அழைத்தேன். நான்காம் முறை எடுத்தான். "நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம், ஐயா" என்றான். எத்தனை படிக்கட்டுகள் உங்கள் கடையில் என்று கேட்டேன். "இரண்டு இருக்கின்றன, ஐயா, ஒன்றில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம்" என்றான்.

2019-இல் பாண்டி பஜாரில் நடப்போருக்கான அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. 2023-இல் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைமேடையும் வந்தது. சென்ற ஆண்டு அவனோடு அதன்மேல் நடந்தேன். இப்போது அவன் ஒரு கடையின் தள மேலாளர். மாமாவின் வீடு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னான். மேலிருந்து பார்த்தால் கூரைகளும் விளம்பரப் பலகைகளுமே தெரிந்தன. என்னால் காட்ட இயலவில்லை. அவன்தான், தான் வேலை பார்க்கும் கடையைக் காட்டி, இரண்டாம் படிக்கட்டில் இப்போது பெட்டி வைக்க விடுவதில்லை என்றான்.