ஒரத்துப்பாளையம்: அணையில் தேங்கிய சாயம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் பெருகும் இந்த ஆற்றின் நீரை அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் நிறுத்திப் பாசனம் செய்வது கொங்கு நாட்டின் பழைய முறை. அதே நோக்கில் சென்னிமலைக்கு அருகே சுமார் 16 கோடி ரூபாய் செலவில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. கீழே ஏறத்தாழ 10,000 ஏக்கருக்கு, பெரும்பாலும் கரூர்ப் பகுதிக்கு, அது நீர் தர வேண்டும் என்பது திட்டம். அணைக்கு மேலே இருந்தது திருப்பூர்.

வெள்ளைப் பனியன் தைத்த காலத்தில் அந்த ஊருக்குச் சலவைப்பட்டறை போதுமானதாக இருந்தது. 1980-களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியதும் நிறத் துணிக்குத் தேவை வந்தது. ஆற்றோரத்திலும் ஓடைக்கரைகளிலும் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அவற்றில் ஏறிய சாயம் அவுரியோ சாயவேரோ அல்ல; செயற்கைச் சாயம். 1856-இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலினைக் கொண்டு முதல் செயற்கைச் சாயத்தை உண்டாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாயத்தின் மூலப்பொருளான பென்சீன் பெருமளவில் பெட்ரோலியத்திலிருந்து வரத் தொடங்கியது. இன்று பரவலாகப் புழங்கும் அசோ சாயங்கள் பென்சீன், நாஃப்தலின் வழிப் பொருள்களால் ஆனவை.

பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். தொட்டியில் துணி சுழலும்போது, சாயத்தை நூலுக்குள் தள்ள உப்பு சேர்க்கப்படுகிறது. அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூட ஆகும். பிறகு சோடா சேர்த்தால் சாயம் நூலோடு பிணைகிறது. உப்பு துணியில் தங்குவதில்லை; அத்தனையும் கழிவுநீரோடு போகிறது. பிணையாத சாயமும் அடுத்தடுத்த அலசல்களில் வெளியேறுகிறது.

இந்த நீர் அணையில் வந்து நின்றபோது உப்பும் சாயமும் இரண்டு வழியில் பிரிந்தன. கரைந்த உப்பு கசிந்து கிணறுகளுக்குள் இறங்கியது. சாயமும் உலோகங்களும் களிமண் துகளோடு ஒட்டி அடியில் படிந்தன. காற்றுப் படாத சேற்றில் அசோ சாயம் உடையும்போது நிறம் மறைகிறது; ஆனால் அரோமாட்டிக் அமின்கள் உண்டாகின்றன. அவற்றில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. நிறம் போனதை வைத்து நஞ்சு போனதாகக் கொள்ள முடியாது. வெள்ளம் வந்து சேற்றைக் கலக்கினால் படிந்தவை மீண்டும் நீரில் ஏறும்.

பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்களே சொல்லும் நிலை வந்தது. வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீட்டை 2004-இல் நிர்ணயித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வராத ஏற்பாட்டுக்குக் கெடு விதித்தது. அதுவரை விடப்படும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் அபராதமும் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியும் நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவு வந்தது.

பட்டறைகள் படிப்படியாகத் திறந்தபோது, எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொழிலின் அங்கமாகிவிட்டன. மீட்ட நீரும் உப்புக்கரைசலும் மறுபடி தொட்டிக்குப் போகின்றன. பயன்படாத கலப்பு உப்பு கிடங்குகளில் சேர்கிறது.

அணையின் அடியில் கிடப்பதற்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. குளம் வற்றினால் வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு உரமாக இடுவது கொங்கு விவசாயியின் வழக்கம். சாயக்கழிவு படிந்த வண்டலை அப்படி அள்ளிப் போட முடியாது; அடிப்பகுதியில் கசிவுத் தடுப்பு அமைத்த குழிகளில்தான் அடைக்க வேண்டும்.